எல்இடியின் நிறம் எங்கே இருக்கிறது? குறைக்கடத்தியையும் ஒளியையும் மேசையில் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி ஆய்வகத்தில் இந்தச் சோதனையை மாணவர்களுக்குச் செய்யவைக்கும்போது முதல் கேள்வியாக, சிவப்பு எல்இடி (ஒளி உமிழும் டையோடு) ஏன் சிவப்பாக எரிகிறது என்று கேட்பேன். பாதிப் பேர் அதன் சிவப்புப் பிளாஸ்டிக் மூடியைக் காட்டுவார்கள். மீதிப் பேர் "பேண்ட் கேப்" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். மேலே கேட்டால் இரண்டு வாக்கியத்துக்குமேல் வராது. இரு தரப்பாருக்கும் ஒரே மருந்துதான்: அளந்து பார்ப்பது. ஐந்தாறு எல்இடி, ஒரு மல்டிமீட்டர், ஒரு பழைய குறுந்தகடு இருந்தால் ஒரு மதிய நேரத்தில் முடித்துவிடலாம்.

வேலை எளிதுதான். ஆனால் படிகளின் வரிசை மாறினால் எண்கள் வரும், அர்த்தம் வராது. அதனால் எதை முதலில் செய்ய வேண்டும், ஏன் என்பதை விரித்தே எழுதுகிறேன்.

1. மேசைக்கு வரும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

குறைக்கடத்திப் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் எந்த ஆற்றலிலும் இருந்துவிட முடியாது. கீழே இணைதிறன் பட்டை, மேலே கடத்துப் பட்டை, நடுவில் எலக்ட்ரான் தங்க இடமில்லாத ஓர் இடைவெளி; 'பேண்ட் கேப்' என்பது இதுதான். எல்இடியில் மின்சாரம் பாயும்போது மேல்பட்டைக்கு எலக்ட்ரான்களும் கீழ்ப்பட்டைக்குத் துளைகளும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள்) வந்து சேர்கின்றன. எலக்ட்ரான் கீழே இறங்கித் துளையை நிரப்பும்போது, இறங்கிய உயரத்துக்கு ஈடான ஆற்றல் ஒரு ஃபோட்டானாக, அதாவது ஒளித்துகளாக, வெளியேறுகிறது. இடைவெளி பெரிதானால் ஒளி நீலத்தை நோக்கிப் போகும். சிறிதானால் சிவப்பையும் கடந்து அகச்சிவப்புக்குப் போய்விடும்.

கையில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு வாய்பாடு: எலக்ட்ரான் வோல்ட்டில் (ஓர் எலக்ட்ரான் 1 வோல்ட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே இந்த அலகு) ஆற்றல் = 1240 ÷ நானோமீட்டரில் அலைநீளம். 620 நானோமீட்டர் சிவப்புக்கு 2.0 எலக்ட்ரான் வோல்ட். 470 நானோமீட்டர் நீலத்துக்கு 2.64.

அப்படியானால் இடைவெளி உள்ள குறைக்கடத்தி எல்லாமே ஒளிர வேண்டுமே, சிலிக்கான் ஏன் ஒளிர்வதில்லை? இதை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் குழப்பும். எலக்ட்ரானுக்கு ஆற்றலோடு உந்தமும் உண்டு. ஃபோட்டானால் ஆற்றலை அள்ளிக்கொண்டு போக முடியும். உந்தத்தை ஏறக்குறைய ஒன்றுமே கொண்டுபோக முடியாது. மாடியிலிருந்து வீட்டுச் சாவியைக் கீழே போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் நேர் கீழே நின்றால் போட்டதும் வேலை முடிந்தது. அவர் தெருக்கோடியில் நின்றால் நடுவில் ஒருவர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காலியம் ஆர்செனைடில் எலக்ட்ரானும் துளையும் நேர்மேல் நேர்கீழாக நிற்கின்றன. சிலிக்கானில் தள்ளி நிற்கின்றன. நடுவில் படிக அதிர்வு வந்து உதவினால்தான் ஃபோட்டான் பிறக்கும். அந்த உதவி வந்து சேர்வதற்குள் பெரும்பாலான எலக்ட்ரான்கள் வேறு வழியில் துளையோடு சேர்ந்து, ஆற்றலை வெப்பமாகக் கொடுத்துவிடுகின்றன. முதல் வகையை நேரடி இடைவெளி என்றும் இரண்டாவதை மறைமுக இடைவெளி என்றும் சொல்வார்கள்.

2. எல்இடிகளைத் தேர்ந்தெடுப்பது

பாதித் தவறுகள் கடையிலேயே நடந்துவிடுகின்றன. சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையானாலும், ஐந்து மில்லிமீட்டர் அளவில், நிறமற்ற தெளிவான மூடி உள்ளதாகக் கேளுங்கள். அணைந்திருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், அதுதான் வேண்டும். ஒரே மாதிரித் தெளிவான மூடிக்குள்ளிருந்து ஒன்று சிவப்பாகவும் இன்னொன்று நீலமாகவும் எரிவதைப் பார்த்தவுடனேயே பிளாஸ்டிக் கோட்பாடு செத்துப்போகும். நிறமூட்டிய மூடி இன்னொரு வகையிலும் கெடுதல்: ஏழாவது படியில் எல்இடியையே ஒளியுணரியாகப் பயன்படுத்துவோம், அங்கே சிவப்பு மூடி நீல ஒளியை உள்ளே விடாமல் தடுத்துவிடும்.

வாங்க வேண்டியவை: அகச்சிவப்பு (டிவி ரிமோட்டில் இருக்கும் 940 நானோமீட்டர் வகை), சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். கூடவே ஒரு வெள்ளை எல்இடியும், சாதாரண 1என்4007 சிலிக்கான் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) ஒன்றும். வெள்ளையை அளவீட்டுக்காக அல்ல, வேடிக்கை பார்க்க வாங்குகிறோம். எல்லா நிறத்திலும் இரண்டு இரண்டாக வாங்குங்கள், ஒன்றாவது கருகும்.

வாங்கக் கூடாதவை: தானாகக் கண்சிமிட்டும் எல்இடி (உள்ளே தனி மின்சுற்று ஒன்று இருக்கிறது), 12 வோல்ட் என்று எழுதிய எல்இடி (உள்ளே மின்தடை இருக்கிறது), இளஞ்சிவப்பு எல்இடி. கடைசியாகச் சொன்னது வெள்ளையைப் போலவே நீலச் சில்லின்மேல் (ஒளிரும் படிகத் துண்டின்மேல்) ஒளிர்பொருள் பூசியது. இந்த மூன்றும் நன்றாகவே எரியும், ஆனால் நீங்கள் அளப்பது டையோடாக இருக்காது.

பச்சையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் பச்சை என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு படிகங்கள் விற்கின்றன. ஒன்று காலியம் பாஸ்பைடு: மங்கலான, மாந்தளிர் கலந்த மஞ்சள்பச்சை, சுமார் 565 நானோமீட்டர். மற்றது இண்டியம் காலியம் நைட்ரைடு: கண்ணைக் குத்தும் சுத்தப் பச்சை, சுமார் 525 நானோமீட்டர். முதலாவது சிவப்பு எல்இடியை ஒட்டிய மின்னழுத்தத்தில் எரியும். இரண்டாவது நீலத்தின் பக்கம் போய் நிற்கும். ஒருமுறை பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த இரண்டு மாணவிகள், ஒருவருக்கு 1.9 வோல்ட்டும் மற்றவருக்கு 2.4 வோல்ட்டும் வந்ததால், மீட்டர் பழுது என்று முடிவு கட்டி என்னிடம் வந்தார்கள். இரண்டு மீட்டரும் சரியாகத்தான் இருந்தன. இரண்டு பச்சையையும் அருகருகே எரியவிட்டதும் அவர்களுக்கே விளங்கியது. முடிந்தால் இரண்டையும் வாங்குங்கள். இந்தச் சோதனையிலேயே அதிகம் கற்றுக்கொடுப்பது அந்த ஜோடிதான்.

3. மின்சுற்று

தேவை: 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் மாறு மின்தடை (கடையில் 'பாட்' என்றால் புரியும்), 1 கிலோ ஓம் சாதாரண மின்தடை, பிரெட்போர்டு (பற்றவைக்காமல் உறுப்புகளைச் செருகி இணைக்கும் பலகை), மல்டிமீட்டர் ஒன்று.

பாட்டின் இரு ஓரக் கால்களையும் பேட்டரியின் நேர், எதிர் முனைகளோடு இணையுங்கள். நடுக்காலிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை. அதன் மறுமுனையில் எல்இடியின் நீளமான கால். குட்டையான கால் பேட்டரியின் எதிர்முனைக்கு. பாட்டைத் திருகினால் எல்இடிக்குப் போகும் மின்னழுத்தம் சுழியிலிருந்து மெல்ல ஏறும்.

1 கிலோ ஓம் மின்தடையைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணம். பாட்டை முழுக்கத் திருகிவிட்டாலும் மின்னோட்டம் ஏழு மில்லிஆம்பியரைச் சுற்றியே நிற்கும், எல்இடி பிழைத்துக்கொள்ளும். அகச்சிவப்பு மட்டும் சற்றுக் கூடுதலாக இழுக்கும், அதுவும் ஆபத்தில்லை. இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது: அந்த மின்தடையின் குறுக்கே 1 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் 1 மில்லிஆம்பியர். கணக்கே வேண்டாம். மீட்டரை ஆம்பியர் முனைக்கு மாற்றும் தேவையே வராது. ஆம்பியர் முனையில் கம்பியை மறந்து விட்டுவிட்டு, அப்படியே பேட்டரியின் குறுக்கே வைத்து மீட்டரின் ஃபியூசைப் போக்காத மாணவர் குழு ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

இணைக்கும் முன் அந்த மின்தடையைத் தனியாக எடுத்து மீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். 5 சதவீத வகையாக இருந்தால் 950 முதல் 1050 ஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். சுற்றில் வைத்துக்கொண்டே, அதுவும் பேட்டரி இணைந்திருக்கும்போது, ஓம் அளக்காதீர்கள்; வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

எல்இடியைத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் எரியாது. உடனே பாட்டை முழுக்கத் திருகுவதுதான் எல்லாரும் செய்யும் காரியம். பெரும்பாலான எல்இடிகள் எதிர்த்திசையில் 5 வோல்ட்டுக்குத்தான் உத்தரவாதம் தருகின்றன. இங்கே 9 வோல்ட் இருக்கிறது. எரியவில்லை என்றால் முதலில் பாட்டைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கால்களைப் பாருங்கள்.

4. முதலில் அலைநீளம், பிறகுதான் மின்னழுத்தம்

இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மின்னழுத்தத்தை முதலில் அளந்தவர்கள், 'இவ்வளவு வந்தால் இந்த நிறம்' என்று அட்டவணையைப் பார்த்து அலைநீளத்தை நிரப்பிவிடுவார்கள். பிறகு போடும் வரைபடம் அழகான நேர்கோடாக வரும், ஏனென்றால் அதில் சோதனையே இல்லை. அலைநீளத்தைத் தனியாக, மின்னழுத்தம் எதுவும் தெரியாத நிலையில், அளந்து எழுதி வைத்துவிட வேண்டும்.

ஆய்வகத்தில் கீற்றணி (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், நெருக்கமான நுண்கோடுகள் கொண்ட தகடு) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் எழுதக்கூடிய குறுந்தகடு ஒன்று போதும். அதன் சுருள்தடங்களுக்கு இடையேயான தூரம் 1.6 மைக்ரோமீட்டர், அதாவது 1600 நானோமீட்டர். பெயர் எழுதும் பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். வெள்ளிப் படலம் சரசரவென்று நாடாவோடு வந்துவிடும். கையில் மிஞ்சுவது தெளிவான பிளாஸ்டிக் வட்டு. சாயம் மிச்சமிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். டிவிடியில் இந்த வித்தை பலிக்காது: அங்கே உலோகப் படலம் இரண்டு வட்டுகளுக்கு நடுவில் ஒட்டப்பட்டிருக்கிறது, தடத் தூரமும் 0.74 மைக்ரோமீட்டர்.

வட்டின் வலது ஓரத்தில், மையத்துக்கு நேர்க்கிடையாக, ஒரு சென்டிமீட்டர் துளை மட்டும் விட்டு மற்ற இடத்தைக் கறுப்புக் காகிதத்தால் மூடுங்கள். தடங்கள் வட்டமானவை, அந்த ஓரத்தில் மட்டும்தான் அவை ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும், நிறங்கள் கிடைமட்டமாக விரியும். காகிதத்தை விட்டுவிட்டு வட்டு முழுவதையும் கண்முன் பிடித்தால் வளைந்த வானவில்தான் தெரியும். எந்த இடத்தை அளப்பதென்று தெரியாது.

எல்இடியை ஒரு மீட்டர் அளவுகோலின் நடுவில் பொருத்தி, அளவுகோலைக் கிடையாக வையுங்கள். அதற்கு நேர் எதிரே சரியாக 100 சென்டிமீட்டர் தூரத்தில் வட்டை, அளவுகோலுக்கு இணையாக நிறுத்துங்கள். துளைக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பாருங்கள். எல்இடி நடுவில் தெரியும். இடமும் வலமும் அதன் நிறத்தில் தீற்றல் ஒன்று அளவுகோலின்மேல் மிதப்பதுபோல் தெரியும். அந்தத் தீற்றலின் மிகப் பிரகாசமான இடம் எத்தனை சென்டிமீட்டரில் விழுகிறது என்று படிக்க வேண்டும். அறையை முழுக்க இருட்டாக்காதீர்கள். அளவுகோலின் எண்களும் தெரிய வேண்டும்.

கணக்கு: நடுவிலிருந்து தீற்றல் வரையுள்ள தூரத்தை, வட்டிலிருந்து தீற்றலுக்குள்ள சாய்வுத் தூரத்தால் வகுத்து, 1600-ஆல் பெருக்குங்கள். தீற்றல் 42.8 சென்டிமீட்டரில் தெரிந்தால் சாய்வுத் தூரம் 108.8, வகுத்தால் 0.393, அலைநீளம் சுமார் 630 நானோமீட்டர். நீலத்துக்கு 30.7 சென்டிமீட்டர் அளவில் வரும், அது 470. சாய்வுத் தூரத்துக்குப் பதில் நேர்த் தூரமான 100-ஆல் வகுத்துவிட்டு, சிவப்பு 685 வந்தது என்று குறிப்பேட்டில் எழுதுபவர்கள் உண்டு. சிறிய கோணத்துக்குத்தான் அந்தச் சலுகை. இங்கே கோணம் 23 பாகை.

இடப்பக்க அளவு 41, வலப்பக்க அளவு 44 என்று மாறுபட்டால் வட்டு சற்றுத் திரும்பி நிற்கிறது என்று பொருள். நேராக்கி மறுபடி பாருங்கள். சிறு வேறுபாடு எஞ்சினால் சராசரி எடுத்தால் போதும்.

தீற்றல் ஒரு கோடாக இல்லாமல் அகன்றிருப்பது உங்கள் தவறல்ல. பட்டையின் விளிம்பில் எலக்ட்ரான்கள் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. அறைவெப்பத்தால் சற்று மேலும் கீழுமாகப் பரவி நிற்கின்றன. அதனால் ஒளியும் 20, 30 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. வெள்ளை எல்இடியை வைத்துப் பாருங்கள்: ஒரு நீலத் தீற்றல், அதை அடுத்துப் பச்சையிலிருந்து சிவப்பு வரை நீண்ட ஒரு படலம். நீலம் சில்லிலிருந்து வருவது. மற்றது அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருளிலிருந்து வருவது. வெள்ளை ஒளி தரும் ஒற்றைக் குறைக்கடத்தி எதுவும் அங்கே இல்லை.

அகச்சிவப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. கைபேசியின் முன்பக்கக் கேமரா பெரும்பாலும் காட்டும். ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும். இதற்கு மட்டும் தயாரிப்பாளர் சொல்லும் 940-ஐ எடுத்துக்கொண்டு போகலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ஓர் எச்சரிக்கை: இப்படி உற்றுப் பார்ப்பது எல்இடிக்கு மட்டும்தான். லேசரை இந்த இடத்தில் வைத்துக் கண்ணால் பார்க்கவே கூடாது.

5. மின்னழுத்தத்தை ஒரே மின்னோட்டத்தில் அளப்பது

பாடநூல் படத்தில் டையோடின் மின்னோட்ட-மின்னழுத்த வளைவு ஓரிடத்தில் முழங்கால்போல் மடங்கும். அதைப் பார்த்துவிட்டு, 'எரியத் தொடங்கும் மின்னழுத்தம்' என்று ஒரு துல்லியமான புள்ளி இருப்பதாக எல்லாரும் நம்புகிறார்கள். அப்படி ஒரு புள்ளி இல்லை. மின்னோட்டம் பத்து மடங்கு ஏறும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் ஏறக்குறைய 0.1 வோல்ட் அளவில் கூடுகிறது. நைட்ரைடு எல்இடிகளில் இன்னும் கூடலாம். வரைபடத்தின் அளவுத்திட்டத்தை மாற்றினால் முழங்காலும் இடம் மாறும்.

கண்ணால் பார்த்து, 'இதோ எரியத் தொடங்கிவிட்டது' என்று குறிப்பது அதைவிட மோசம். நம் கண் 555 நானோமீட்டர் பச்சைக்கு மிகக் கூர்மையானது, ஆழ்சிவப்புக்கும் நீலத்துக்கும் மந்தமானது. பச்சையை மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். மற்றதற்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். அப்போது நீங்கள் ஒப்பிடுவது படிகங்களை அல்ல, உங்கள் கண்ணை.

ஆகவே எல்லா எல்இடிக்கும் ஒரே மின்னோட்டம். மீட்டரை 1 கிலோ ஓம் மின்தடையின் குறுக்கே வைத்து, 1.00 வோல்ட் காட்டும்வரை பாட்டைத் திருகுங்கள். அதாவது 1 மில்லிஆம்பியர். பிறகு பாட்டைத் தொடாமல் மீட்டர் முனைகளை எல்இடியின் கால்களுக்கு மாற்றிப் படியுங்கள். மீண்டும் மின்தடைக்குத் திரும்பி இன்னும் 1.00-தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அகச்சிவப்புக்கு 1.1-ஐ ஒட்டியும், சிவப்புக்கு 1.7 முதல் 1.8 வரையும், நீலத்துக்கு 2.4 முதல் 2.7 வரையும் எதிர்பார்க்கலாம். 1என்4007 டையோடு 0.6-ஐ ஒட்டிக் காட்டும், ஒளியே தராது. அதன் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். முதல் படியில் சொன்ன தெருக்கோடிக் கதை.

ஏன் 1 மில்லிஆம்பியர், தயாரிப்பாளர் சொல்லும் 20 ஏன் இல்லை? 20 மில்லிஆம்பியரில் எல்இடி சூடாகிறது. சில்லின் உள்மின்தடையும் தன் பங்குக்கு மின்னழுத்தத்தைத் தின்கிறது. தகவல் தாள்களில் 525 நானோமீட்டர் பச்சைக்கும் 470 நானோமீட்டர் நீலத்துக்கும் 20 மில்லிஆம்பியரில் 3.2 வோல்ட் என்று ஒரே எண்ணைப் போட்டிருப்பதைக் காணலாம். நிறம் வேறு, மின்னழுத்தம் ஒன்று. அந்த எண்களை எடுத்து வரைபடம் போட்டுவிட்டு இயற்பியல் பொய் என்று சொல்லக் கூடாது.

நீலத்தின் ஃபோட்டான் ஆற்றல் 2.64 இருக்க, மின்னழுத்தம் 2.5 காட்டினாலும் எரிகிறதே என்று கூர்மையான மாணவர் யாராவது கேட்பார். நல்ல கேள்வி. பேட்டரி தரும் ஆற்றலோடு அறைவெப்பமும் சிறிது சேர்ந்துகொள்கிறது. பரவி நிற்கும் எலக்ட்ரான்களில் உயரத்தில் இருப்பவை முதலில் கடந்துவிடுகின்றன. குறைவான மின்னோட்டத்தில் அதுவே போதும்.

6. வரைபடம்

கிடை அச்சில் அலைநீளத்தைப் போடாதீர்கள். 1 ÷ அலைநீளத்தைப் போடுங்கள். ஆற்றல் அலைநீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், அப்படிப் போட்டால்தான் நேர்கோடு வரும். 940-க்கு 0.00106, 630-க்கு 0.00159, 470-க்கு 0.00213. செங்குத்து அச்சில் மின்னழுத்தம். இந்தக் கோட்டின் சாய்விலிருந்து பிளாங்க் மாறிலியை (ஃபோட்டானின் ஆற்றலையும் ஒளியின் அதிர்வெண்ணையும் இணைக்கும் எண்) கணக்கிடலாம்.

இங்கே ஒரு நுணுக்கமான தவறு. சிலர் கிடை அச்சில் 1240 ÷ அலைநீளம் என்று ஆற்றலையே போட்டுவிட்டு, பிறகு சாய்விலிருந்து பிளாங்க் மாறிலியைக் 'கண்டுபிடிக்கிறார்கள்'. 1240 என்ற எண்ணுக்குள்ளேயே பிளாங்க் மாறிலி உட்கார்ந்திருக்கிறது. பையில் தானே போட்டதைத் தானே எடுத்துக் காட்டுவதுபோல் ஆகிவிடும்.

மாதிரிக்கு: 940-க்கு 1.07 வோல்ட், 470-க்கு 2.45 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்த வேறுபாடு 1.38, கிடை அச்சில் வேறுபாடு 0.001064. சாய்வு சுமார் 1297 வோல்ட்-நானோமீட்டர். இதை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் (1.602 × 10⁻¹⁹) பெருக்கி, ஒளியின் வேகத்தால் வகுத்தால் 6.93 × 10⁻³⁴ ஜூல்-வினாடி. உண்மை மதிப்பு 6.626 × 10⁻³⁴. குறுந்தகட்டையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் அன்றைக்குத் தேநீர் வாங்கிக் குடிக்கலாம். இரண்டு புள்ளியோடு நிறுத்தாமல் எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே கோட்டை இழுங்கள். நானோமீட்டரை மீட்டராக்க மறப்பதுதான் இந்தக் கணக்கில் வழக்கமான சறுக்கல்.

கோட்டை ஆதிப்புள்ளி வழியாக வலிந்து இழுக்காதீர்கள். மேலே உள்ள எண்களில் கோடு செங்குத்து அச்சைச் சுமார் −0.3 வோல்ட்டில் வெட்டும். வெப்பத்தின் உதவியும், நாம் 1 மில்லிஆம்பியரைத் தேர்ந்தெடுத்ததும் அந்த விலகலில் அடங்கியிருக்கின்றன. சாய்வை மட்டும் எடுப்பதால்தான் அது நம் விடையைக் கெடுப்பதில்லை.

சுத்தப் பச்சை கோட்டுக்குச் சற்று மேலேயும், காலியம் பாஸ்பைடுப் பச்சை சற்றுக் கீழேயும் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அழிக்காதீர்கள். ஐந்தும் ஒரே படிகக் குடும்பம் அல்ல; அகச்சிவப்பு ஆர்செனைடு, சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் அலுமினியம் காலியம் இண்டியம் பாஸ்பைடு, நீலம் நைட்ரைடு. வெவ்வேறு குடும்பத்தார் ஒரே கோட்டை ஒட்டி வருவதே பெரிய விஷயம். காலியம் பாஸ்பைடு இன்னொரு விதத்திலும் விந்தையானது. அதன் இடைவெளி 2.26 எலக்ட்ரான் வோல்ட், ஆனால் சிலிக்கானைப் போல மறைமுகமானது. நைட்ரஜனைச் சிறிது கலந்து, எலக்ட்ரானை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தித்தான் அதை ஒளிரவைக்கிறார்கள். மங்கலாக எரிவதன் காரணம் அதுவே.

7. திருப்பிப் போட்டுப் பார்ப்பது: எல்இடியே ஒளியுணரி

என் அனுபவத்தில் மாணவர்களின் முகம் மாறும் இடம் இது. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சிவப்பு எல்இடியின் கால்களில் நேராக மீட்டரை மாட்டி, 2 வோல்ட் வரம்பில் வையுங்கள். கறுப்பு உறிஞ்சுகுழல் துண்டு ஒன்றில் ஒருபக்கம் இந்தச் சிவப்பையும், மறுபக்கம் எரியும் நீல எல்இடியையும் முகத்தோடு முகம் வையுங்கள். மீட்டர் மின்னழுத்தம் காட்டும். இப்போது இடம் மாற்றுங்கள்: நீலத்தில் மீட்டர், எதிரே எரியும் சிவப்பு. எவ்வளவு பிரகாசமாக எரியவிட்டாலும் மீட்டர் அசையாது.

நீல ஃபோட்டானுக்கு 2.64 இருக்கிறது, சிவப்புப் படிகத்தின் 2 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியைத் தாண்டி எலக்ட்ரானை மேலே ஏற்றிவிடும். சிவப்பு ஃபோட்டான்கள் எத்தனை ஆயிரம் வந்தாலும், தனித்தனியாக ஒவ்வொன்றும் குள்ளம். நீலப் படிகத்தின் சுவரை ஏற முடியாது. ஒளியை உமிழும்போது எந்த இடைவெளி நிறத்தைத் தீர்மானித்ததோ, அதே இடைவெளி வாங்கும்போது வாசலாக நிற்கிறது. ஐந்து எல்இடியையும் ஐந்தோடு மாற்றி மாற்றி வைத்து இருபத்தைந்து கட்டமுள்ள அட்டவணை போடுங்கள். ஏறக்குறையப் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டங்கள் படிக்கட்டு வடிவில் அமையும்.

மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, மூடி தெளிவானதா. இரண்டு, மீட்டரின் உள்மின்தடை. இங்கே பிறக்கும் மின்னோட்டம் நானோஆம்பியர் கணக்கில்தான். 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டர் அதைத் தாங்கும், பழைய முள் மீட்டர் அதை விழுங்கிவிடும். குழலுக்குள் அறைவிளக்கு கசிந்தால் காலியாக இருக்க வேண்டிய கட்டத்திலும் எண் வரும்.

8. குளிரவைத்துப் பார்ப்பது

நேரமிருந்தால் மட்டும். சிவப்பு எல்இடிக்கு நீளமான இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, பிளாஸ்டிக் பையில் நீர் புகாமல் கட்டி, உருகும் பனிக்கட்டியில் ஐந்து நிமிடம் வையுங்கள். 1 மில்லிஆம்பியரில் மின்னழுத்தத்தை எழுதுங்கள். பிறகு 60 டிகிரி வெந்நீரில் அதே அளவீடு. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் வீதம், 0.1 வோல்ட்டுக்குச் சற்று மேலான வேறுபாடு தெரியும். குளிரில் இடைவெளி விரிகிறது, வெப்பத்தின் உதவியும் குறைகிறது. இரண்டும் மின்னழுத்தத்தை ஒரே திசையில் ஏற்றுகின்றன.

நிறமும் மாறுகிறது, ஆனால் இந்த 60 டிகிரியில் சில நானோமீட்டர்தான். குறுந்தகடு அதைக் காட்டாது. −196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனில் முக்கினால் மஞ்சள் எல்இடி பச்சையை நோக்கி நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை வாங்கி வைத்திருக்கும் ஆய்வகத்தில், கையாளத் தெரிந்தவர் உடனிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பையில் ஒரு சொட்டு நீர் இறங்கினாலும் கால்களுக்கிடையே மின்னோட்டம் கசிந்து எண்கள் தள்ளாடும். முதலில் எடுத்த அறைவெப்ப அளவீடு, கடைசியில் திரும்ப எடுக்கும்போதும் அதே எண்ணைத் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால் பையைத் திறந்து துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். எல்இடி அணைந்திருந்தாலும் பாட்டின் வழியே 9 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை மறந்துவிட்டுப் போனால் திங்கட்கிழமை காலை புது பேட்டரி வாங்க வேண்டியிருக்கும்.